டயான் கேரல்: ‘ஜூலியா’வுக்கு முன்னும் பின்னும்

கேள்வி இதுதான்: “‘ஜூலியா’ என்ற பழைய அமெரிக்கத் தொடரில் நடித்தவர் டயான் கேரல் என்று படித்தேன். அந்தத் தொடரை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? அவர் நடிகையா, பாடகியா? கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?”

பாடகி. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1968-இல் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் அதற்கு முந்தைய பதினான்கு வருட மேடை வாழ்க்கை முன்னுரை போல ஒடுங்கிப்போகிறது. அந்தப் பதினான்கு வருடங்களைப் பார்க்காவிட்டால், அமெரிக்காவில் எத்தனையோ திறமையான கறுப்பின நடிகைகள் இருக்க, ‘ஜூலியா’ வாய்ப்பு இவரிடம் ஏன் வந்தது என்பதும் புரியாது, அதற்காக அவர் என்ன விலை கொடுத்தார் என்பதும் புரியாது.

இயற்பெயர் கேரல் டயான் ஜான்சன். 1935 ஜூலை 17 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். வளர்ந்தது அதே நகரில் கறுப்பின மக்கள் நிறைந்த ஹார்லெமில். அப்பா சுரங்க ரயிலில் கண்டக்டர், அம்மா நர்ஸ். அக்காலத்துக் கறுப்பினக் குடும்பங்களில் ஓரளவு காலூன்றிவிட்ட குடும்பம் என்று சொல்லலாம். ஆனால் மிகச் சிறு வயதில் பெற்றோர் அவரை வட கரோலினாவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். ஒரு வருடத்துக்கும் மேல் அந்தக் குழந்தை அங்கேயே இருந்தது. பெற்றோர் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற பயம் பின்னாளிலும் போகவில்லை என்று அவரே தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். எதிலும் குறை வைத்துவிடக் கூடாது, எப்போதும் எல்லாருக்கும் பிடித்தவளாக இருக்க வேண்டும் என்ற தவிப்பு அவர் வாழ்க்கை முழுவதும் தெரிகிறது. அதன் வேர் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாட்டு வந்தது தேவாலயத்திலிருந்து. ஹார்லெமின் புகழ்பெற்ற அபிசீனியன் பாப்டிஸ்ட் சர்ச்சின் குழந்தைகள் பாடகர் குழுவில் பாடினார். அப்புறம் இசைக்கும் ஓவியத்துக்கும் பேர்போன நியூயார்க் அரசு உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. பதினைந்து வயதில் கறுப்பின வாசகர்களுக்கான ‘எபனி’ பத்திரிகைக்கு மாடலிங். பதினாறு வயதில் ஒரு திறமைப் போட்டிக்காகப் பெயரை டயான் கேரல் என்று மாற்றிக்கொண்டார். வீட்டில் படிப்புதான் முக்கியம் என்று சொன்னதால் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் சேர்ந்தார். ஆனால் 1954-இல் ‘சான்ஸ் ஆஃப் எ லைஃப்டைம்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியில் ஜெரோம் கெர்ன் இசையமைத்த ஒரு பாடலைப் பாடி ஆயிரம் டாலர் பரிசு வென்றார். தொடர்ந்து சில வாரங்கள் அவரே ஜெயித்தார். நைட் கிளப்புகளில் பாட அழைப்பு வந்தது. படிப்பு அத்தோடு நின்றது.

அதே வருடத்திலேயே இரண்டு பெரிய வாய்ப்புகள். ஒன்று, ஓட்டோ பிரெமிங்கர் இயக்கிய ‘கார்மென் ஜோன்ஸ்’ படத்தில் சின்ன வேடம். இன்னொன்று, டிசம்பர் கடைசியில் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் தொடங்கிய ‘ஹவுஸ் ஆஃப் ஃப்ளவர்ஸ்’. ட்ரூமன் கபோட்டி எழுத, ஹெரால்ட் ஆர்லன் இசையமைத்த இசை நாடகம். பெரிய பெயர் பேர்ல் பெய்லிதான். ஆனால் ‘எ ஸ்லீப்பின் பீ’ என்ற பாடல் பத்தொன்பது வயது டயானுக்குக் கிடைத்தது. காதல் உண்மையா என்று தெரிந்துகொள்ள, தூங்கும் தேனீயைக் கையில் வைத்துப் பார்க்கும் ஒரு சின்னப் பெண்ணின் பாட்டு. பலர் பிறகு அதைப் பாடியிருக்கிறார்கள். டயான் பாடும்போது அந்தப் பெண்ணின் வயது குரலிலேயே இருக்கும். குரலை உயர்த்திக் காட்டுவதில்லை, சங்கதி போட்டு அசத்துவதும் இல்லை. சொல்லைத் தெளிவாக உச்சரித்து, அந்தச் சொல்லின் அர்த்தம் எங்கே திரும்புகிறதோ அங்கே குரலைத் திருப்புவார். வசனம் பேசுகிறவர் பாடுவது போல இருக்கும். பின்னாளில் அவர் நல்ல நடிகையானது தற்செயல் இல்லை. பாட்டிலேயே நடிப்பு இருந்தது.

அந்த நாடகத்துக்கு நடிகர்களைத் தேர்வு செய்தவர் மாண்டி கே. 1956-இல் இருவரும் மணந்துகொண்டார்கள். மாப்பிள்ளை வெள்ளையர் என்பதால் அப்பா திருமணத்துக்கே வரவில்லை. ஒரே மகள் 1960-இல் பிறந்தாள். சில வருடங்களில் திருமணம் முறிந்தது.

1959-இல் வெளிவந்த ‘போர்கி அண்ட் பெஸ்’ படத்தில் நடந்ததைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கிளாரா வேடம் அவருக்கு. அந்தக் கதையின் மிகப் பிரபலமான பாடலான ‘சம்மர்டைம்’ கிளாராவின் தாலாட்டு. திரையில் குழந்தையை வைத்துக்கொண்டு பாடுவது டயான். குரல் அவருடையது இல்லை! லூலி ஜீன் நார்மன் என்ற வெள்ளைக்கார சோப்ரானோ (உச்சக் குரல்) பாடகி பின்னணி பாடினார். நைட் கிளப்பிலும் பிராட்வேயிலும் பாடிப் பேர் வாங்கி, தன் பெயரில் ஆல்பமும் வெளியிட்டிருந்த ஒரு பாடகியை வாயை மட்டும் அசைக்க வைத்தார்கள். அவருடைய பாட்டுத் தொழிலைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் நினைத்துக்கொள்வது இதைத்தான். அந்தப் படத்தில்தான் நடிகர் சிட்னி பாய்ட்டியேயைச் சந்தித்தார். இருவரும் அப்போது மணமானவர்கள். ஒன்பது வருடம் நீண்ட அந்த உறவு திருமணத்தில் முடியவில்லை. அதை இருவருமே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள்.

அடுத்து ‘நோ ஸ்ட்ரிங்ஸ்’. தனக்குப் பாடல் வரிகள் எழுதிவந்த கூட்டாளி ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் 1960-இல் இறந்த பிறகு, இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசை, பாடல் வரிகள் இரண்டையும் தானே எழுதிய இசை நாடகம். டயானைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அவரை மனதில் வைத்தே இந்த யோசனைக்கு வந்தார் ராட்ஜர்ஸ். 1962 மார்ச்சில் பிராட்வேயில் தொடங்கியது, 580 காட்சிகள் ஓடியது. பாரிஸில் வாழும் ஒரு அமெரிக்க மாடலும் ஒரு எழுத்தாளரும் காதலிக்கிறார்கள். அவள் கறுப்பினத்தவள், அவன் வெள்ளையன். நாடகத்தில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பினால் சேர்ந்து வாழ முடியாது என்று இருவருக்கும் தெரியும், பார்ப்பவர்களுக்கும் தெரியும். அந்த வேடத்துக்காக அவருக்கு, பிராட்வே நாடகங்களுக்கான உயரிய விருதான டோனி கிடைத்தது. இசை நாடகத்தில் முதன்மை நடிகைக்கான டோனியை வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அந்த வருடம் அன்னா மரியா ஆல்பர்கெட்டிக்கும் சேர்த்து இருவருக்கும் கொடுத்தார்கள்.

இவ்வளவு ஆன பிறகு வேலை குவிந்திருக்க வேண்டும் அல்லவா? குவியவில்லை. அதே 1962-இல் பொழுதுபோக்குத் துறையில் நிற வேற்றுமை பற்றி விசாரித்த நாடாளுமன்றக் குழு முன் அவர் சாட்சி சொன்னார். டோனி வாங்கிய தனக்கே நடிக்க வாய்ப்பு எவ்வளவு அரிது என்பதை நேரடியாகச் சொன்னார். ‘நேக்கட் சிட்டி’ தொடரின் ஒரு எபிசோடில் நடித்ததற்கு, தொலைக்காட்சிக்கான எம்மி விருதுப் பரிந்துரை கிடைத்தது. ஆனால் வாழ்க்கையை ஓட்டியது ஹோட்டல் மேடைகளும் விருந்தினர் பாடகியாகத் தோன்றிய டிவி நிகழ்ச்சிகளும்தான்.

இப்போது ‘ஜூலியா’. அதுவரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினப் பெண் தொடரின் நாயகியாக வந்தாள் என்றால் அது ‘பியூலா’ போன்ற வேலைக்காரி வேடம். வெள்ளைக்காரக் குடும்பத்தின் சமையலறையில் நின்று, அவர்களுடைய பிரச்சினைகளைத் தீர்த்துவைப்பாள். அவளுக்கென்று வீடோ, பிள்ளையோ, கவலையோ கதையில் இருக்காது. ஹால் கேண்டர் என்ற எழுத்தாளர், ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’ போன்ற கறுப்பினத்தவரைக் கேலிப்பொருளாக்கிய நிகழ்ச்சிகளுக்கும் எழுதியவர், ஒருநாள் கறுப்பின மக்களின் உரிமை இயக்கத் தலைவர் ராய் வில்கின்ஸின் பேச்சைக் கேட்டார். அதன் விளைவாக உருவானது ‘ஜூலியா’. ஜூலியா பேக்கர் ஒரு நர்ஸ். கணவன் வியட்நாம் போரில் விமானியாக இறந்தவன். கோரி என்ற சின்ன மகனுடன் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நல்ல அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்கிறாள்.

கேண்டருக்கு டயான் மீது முதலில் நம்பிக்கை இல்லை. இரவு மேடைகளில் பளபளப்பான உடையில் பாடும் பெண், சாதாரண நர்ஸாக எப்படித் தெரிவார் என்று தயக்கம். பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலில் சந்திப்பு. டயான் முடியலங்காரத்தை மாற்றி, எளிமையான உடையில் போனார். நடந்து வருகிறவர் யாரென்று தெரியாமலேயே, ‘எனக்கு வேண்டியது இந்த மாதிரித் தோற்றம்தான்’ என்கிற மாதிரி கேண்டர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாராம். இதை டயானே பல பேட்டிகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

முதல் எபிசோடிலேயே ஒரு போன் உரையாடல் வரும். வேலை கேட்டு டாக்டர் செக்லியிடம் பேசும் ஜூலியா, தான் கறுப்பினத்தவள் என்பதைச் சொன்னார்களா என்று கேட்பாள். எப்போதுமே அப்படியா, இல்லை இப்போதைய ஃபேஷனுக்காகவா என்று அந்தக் கிழவர் திருப்பிக் கேட்பார். லாயிட் நோலன் அந்த வேடம். 1968-இல் அந்த ஒரு வரியைக் கேட்டு வீட்டில் உட்கார்ந்து சிரிக்க முடிந்ததே ஒரு மாற்றம்தான்.

தொடர் தொடங்கியது 1968 செப்டம்பர் 17. அந்த ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். நகரங்கள் எரிந்திருந்தன. என்பிசி தொலைக்காட்சி இதைப் போட்ட நேரத்தில் எதிர் சேனலில் ரெட் ஸ்கெல்டனின் பிரபல நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது, இது தேறாது என்பதே பொதுவான எண்ணம். ஆனால் அந்தப் பருவத்தில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சிகளின் வரிசையில் ஏழாவது இடத்துக்கு வந்தது. 86 எபிசோடுகள் ஓடியது. டயானுக்கு கோல்டன் குளோப் கிடைத்தது, எம்மிக்கும் பரிந்துரைத்தார்கள். மேட்டல் நிறுவனம் ஜூலியா பொம்மை செய்தது. குழந்தைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டு டப்பாவில் அவர் படம் வந்தது.

கூடவே திட்டும் வந்தது, இரண்டு பக்கத்திலிருந்தும். ‘சாட்டர்டே ரிவியூ’வில் ராபர்ட் லூயிஸ் ஷேயான், ஏழைக் கறுப்பினக் குடியிருப்புகளின் வாழ்க்கைக்கும் இந்தத் தொடருக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதினார். வீட்டில் தகப்பன் இல்லாத கறுப்பினக் குடும்பத்தைக் காட்டியதற்குக் கோபப்பட்டவர்கள் உண்டு. புரட்சி தொலைக்காட்சியில் வராது என்ற தன் புகழ்பெற்ற கவிதையில் கில் ஸ்காட் ஹெரான் டிவி முகங்களின் பட்டியலில் ஜூலியாவையும் சேர்த்துவிட்டார். இன்னொரு பக்கம், வெள்ளை இனவெறிக் கடிதங்கள். பார்வையாளர்கள் அனுப்பிய கடிதங்கள் கேண்டரின் கோப்புகளோடு விஸ்கான்சின் வரலாற்றுக் கழகத்தில் இன்றும் இருக்கின்றன. வசை, வாழ்த்து, கறுப்பின எழுத்தாளர்களை வைத்து எழுதுங்கள் என்ற யோசனை என எல்லாம் அதில் உண்டு.

விமர்சனம் தப்பா? இல்லை. நியாயமானது. அதில் பலவற்றை டயானே ஒப்புக்கொண்டார். தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நாங்கள் காட்டுவது வெள்ளையருக்கு ஏற்ற கறுப்பினத்தவரை என்ற பொருளில் பத்திரிகைக்குச் சொன்ன துணிச்சல் அவருக்கு இருந்தது. சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தின் நிகழ்ச்சியைப் பற்றி அப்படிப் பேசுவது லேசில்லை. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. கதை எழுதியது அவர் இல்லை, தயாரித்தது அவர் இல்லை, எந்த நேரத்தில் ஒளிபரப்புவது என்று முடிவு செய்தது அவர் இல்லை. அப்படியிருந்தும் ஒரு நாட்டின் கறுப்பின மக்கள் எல்லாருடைய வாழ்க்கைக்கும் பதில் சொல்லும் பொறுப்பை ஒரு நகைச்சுவைத் தொடரின் நடிகை தலையில் ஏற்றினார்கள். வசனத்தில் உறுத்தும் வரி வந்தால் கேண்டரிடம் போய்ச் சண்டை போடுவதும் அவர்தான், அந்த வரிக்காக வெளியே திட்டு வாங்குவதும் அவர்தான். மன அழுத்தத்தால் அந்தக் காலத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கடைசியில், போதும், என்னை விடுவியுங்கள் என்று அவரே கேட்டார். 1971-இல் தொடர் முடிந்தது.

இப்போது ‘ஜூலியா’ எபிசோடு எதையாவது பார்த்தால் கதை ரொம்பச் சாதுவாகத் தோன்றும். உண்மைதான். ஒரு கறுப்பினத் தாய் மாலையில் வேலை முடிந்து தன் வீட்டுக்கு வந்து, தன் மகனோடு, தன் சோபாவில் உட்காருகிறாள் என்ற சாதாரணக் காட்சி அதற்கு முன் அமெரிக்க டிவியில் வாராவாரம் வந்ததே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

நடிகையாக அவருடைய ஆகச் சிறந்த வேலை 1974-இல் வந்த ‘க்ளாடின்’ படம்தான் என்பேன். அந்த வேடம் முதலில் டயானா சாண்ட்ஸுக்கானது. ‘ஜூலியா’வில் டயானின் உறவுப் பெண்ணாக நடித்தவர், நெருங்கிய தோழி. அவருக்குப் புற்றுநோய். தன்னால் முடியாது என்று தெரிந்ததும் இவர் பெயரை அவரே சொன்னார். 1973-இல் இறந்துபோனார். ஹார்லெமில் ஆறு பிள்ளைகளோடு அரசு உதவித்தொகையில் வாழும் தாய் க்ளாடின். உதவித்தொகை அலுவலகத்துக்குத் தெரியாமல் வெள்ளையர் வீட்டில் வேலை செய்கிறாள். குப்பை லாரி ஓட்டுகிறவரைக் காதலிக்கிறாள், ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் நடித்த வேடம் அது. ஆண் துணையோ, கொஞ்சம் வசதியோ கண்ணில் பட்டால் உதவித்தொகையில் கைவைத்துவிடுவார்கள். அதனால் சமூகநல அதிகாரி கதவைத் தட்டும்போதெல்லாம் பிள்ளைகள் ஓடியாடி வீட்டிலிருக்கும் சாமான்களை எடுத்து ஒளித்துவைப்பார்கள். சிரிப்பு வரும் காட்சி, ஆனால் டயானின் முகத்தைப் பாருங்கள்: பயமும் அவமானமும் கலந்த ஒரு விறைப்பு. அழகுப் பதுமை என்று பேர் வாங்கியவர் மேக்கப் இல்லாமல், களைத்த முகத்தோடு அதில் வாழ்ந்திருப்பார். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. டோரதி டேன்ட்ரிட்ஜ், டயானா ராஸ், சிசிலி டைசனுக்கு அடுத்து அந்தப் பிரிவில் வந்த நான்காவது கறுப்பினப் பெண். ‘ஜூலியா’ உண்மை வாழ்க்கை இல்லை என்று சொன்னவர்களுக்கு இது பதிலாகவும் ஆனது. விருது எல்லன் பர்ஸ்டினுக்குப் போனது.

சொந்த வாழ்க்கையில் நான்கு திருமணங்கள். அதை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. மூன்றாவது கணவர், பத்திரிகையாளர் ராபர்ட் டெலியான், 1977-இல் கார் விபத்தில் இறந்தார். நான்காவது கணவர் பாடகர் விக் டமோன். இருவரும் சேர்ந்து மேடைகளில் பாடினார்கள், 1996-இல் பிரிந்தார்கள்.

எண்பதுகளின் ‘டைனஸ்டி’, கேரிங்டன் என்ற பணக்காரக் குடும்பத்தைப் பற்றிய தொடர், வேறு சுவை. டொமினிக் டெவெரோ: பாடகி, சொந்த இசை நிறுவனத்தின் முதலாளி, அந்தக் குடும்பத்தின் மறைக்கப்பட்ட ரத்த உறவு. இந்த வாய்ப்பை டயானே தேடிப் போய்க் கேட்டு வாங்கினார். நல்லவளாகவே நடித்து அலுத்துப்போனவர். எழுத்தாளர்களிடம் அவர் சொன்னது, பணமும் அதிகாரமும் வேண்டும் என்று நினைக்கும் ஒரு வெள்ளைக்கார ஆணுக்கு எழுதுவது போல எனக்கு எழுதுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது. தொடரின் இன்னொரு நடிகை ஜோன் காலின்ஸோடு வரும் மோதல் காட்சியில் ஷாம்பெயினை ஒரு மிடறு குடித்துவிட்டு, இது கெட்டுப்போயிருக்கிறது என்று குறை சொல்லிக் கோப்பையை வைப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். ‘ஜூலியா’ எல்லாரிடமும் பணிவாக இருக்க வேண்டியிருந்தது. டொமினிக்குக்கு அந்தக் கட்டாயமே இல்லை. 1984 முதல் 1987 வரை அதில் இருந்தார். அப்புறம் ‘எ டிஃபரன்ட் வேர்ல்ட்’, ‘கிரேஸ் அனாடமி’ ஆகிய தொடர்களில் விருந்தினராக வந்து இரண்டுக்கும் எம்மி பரிந்துரை வாங்கினார். ‘ஒயிட் காலர்’ தொடரில் வீட்டுக்கார அம்மாவாக வந்ததை இங்கேயும் பலர் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் அந்தக் கடைசிக் காலத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது 1995-இல் டொராண்டோ மேடை. ‘சன்செட் பூலிவார்ட்’ இசை நாடகத்தில் நார்மா டெஸ்மண்ட், மறக்கப்பட்ட ஊமைப்பட நட்சத்திரம். அறுபது வயதில், இரவு முழுக்கப் பாடி நடிக்க வேண்டிய வேடம். அதன் பாடல் பதிவு கிடைக்கிறது. கேட்டால் தெரியும், குரலில் இளமை குறைந்திருக்கிறது, ஆனால் சொல்லின் அர்த்தம் திரும்பும் இடத்தில் குரல் திரும்பும் அந்தப் பழைய வித்தை அப்படியே இருக்கிறது.

தொண்ணூறுகளின் இறுதியில் மார்பகப் புற்றுநோய் வந்தது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாததால் தனக்கு வராது என்று நம்பியிருந்தவர். மறைக்காமல் பேசினார், கறுப்பினப் பெண்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று பிரச்சாரம் செய்தார். 2011-இல் தொலைக்காட்சி அகாடமியின் பெருமைக்குரியோர் பட்டியலில் இடம் கிடைத்தது. 2019 அக்டோபர் 4 அன்று லாஸ் ஏஞ்சலஸில் புற்றுநோயால் காலமானார். வயது 84.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால்: முதலில் ‘க்ளாடின்’ படம். அடுத்து 1957-இல் வந்த, ஹெரால்ட் ஆர்லன் பாடல்களை மட்டும் அவர் பாடிய ஆல்பம். அப்புறம் ‘நோ ஸ்ட்ரிங்ஸ்’ பதிவில் ‘தி ஸ்வீட்டஸ்ட் சவுண்ட்ஸ்’. ‘ஜூலியா’வின் முதல் எபிசோடை இதற்கெல்லாம் பிறகு பாருங்கள்.